ஒரே படம், இரண்டு அரங்குகள்: ‘பிளேஸிங் சாடில்ஸ்’ முன்னோட்டக் காட்சிகள் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

வெளியாகும் முன்பே படத்தைச் சிலருக்குப் போட்டுக் காட்டும் முன்னோட்டக் காட்சிகளைப் பற்றி ஹாலிவுட்டில் உலவும் கதைகளில் அதிகம் சொல்லப்படுவது இதுவாகத்தான் இருக்கும். ஒரு நகைச்சுவைப் படத்தை ஸ்டூடியோவின் பெரிய தலைகள் போட்டுப் பார்க்கிறார்கள். ஒருத்தரும் சிரிக்கவில்லை. அதே படத்தை அதே ஸ்டூடியோவின் செயலாளர்களும் குமாஸ்தாக்களும் பார்க்கிறார்கள். கூரை பிய்த்துக்கொண்டு போகிறது. படம் வெளியாகி வசூலை அள்ளுகிறது. பெரிய மனிதர்களுக்குப் புரியாதது சாதாரண மனிதர்களுக்குப் புரிந்துவிட்டது பாருங்கள் என்று சொல்பவர் சாய்ந்து உட்கார்ந்துகொள்வார்.

மெல் புரூக்ஸ் இயக்கி 1974 பிப்ரவரி 7 அன்று வெளியான ‘பிளேஸிங் சாடில்ஸ்’தான் அந்தப் படம். கதை நடந்ததுதான். அதிலிருந்து வழக்கமாக எடுக்கப்படும் முடிவுதான் பாதி சரி, பாதி தப்பு. ஊழியர்களின் சிரிப்பு, படம் கிடங்குக்குப் போகாமல் தடுத்தது, உண்மை. ஆனால் படத்துக்குள் இருந்த ஒரு காட்சியைக்கூட அந்தச் சிரிப்பு காப்பாற்றவில்லை. காட்சிகளைக் காப்பாற்றியது இயக்குநரின் ஒப்பந்தத்தில் இருந்த ஒரு ஷரத்து. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான், துணிச்சலான நகைச்சுவைப் படங்களின் முன்னோட்டத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ‘மக்கள் தீர்ப்பு’ என்ற சொல் வந்து விழுகிறது.

படத்தில் இருந்த வம்பு

கதை 1874இல் நடக்கிறது. ரயில் பாதை போகவேண்டிய வழியில் ராக் ரிட்ஜ் என்று ஓர் ஊர். ஊரில் எல்லோருக்கும் குடும்பப் பெயர் ஜான்சன். ஊரைக் காலி செய்ய வைத்து நிலத்தை அமுக்க நினைக்கும் ஹெட்லி லமார் என்ற அதிகாரி ஒரு திட்டம் போடுகிறான். கறுப்பினத்தவர் ஒருவரை அந்த ஊருக்கு ஷெரிஃபாக அனுப்பிவிட வேண்டும். வெள்ளைக்கார ஊர் அதைத் தாங்காது, தானே சிதறிவிடும். அப்படிப் போய்ச் சேருகிறவன்தான் பார்ட். நடித்தவர் கிளீவன் லிட்டில்.

முதல் காட்சியிலேயே படம் தன் குணத்தைக் காட்டிவிடும். கொளுத்தும் வெயிலில் கறுப்பினத் தொழிலாளர்கள் தண்டவாளம் போடுகிறார்கள். மேஸ்திரி வந்து, அடிமைகளாக இருந்தபோது நன்றாகப் பாடுவீர்களே, அந்த மாதிரி ஒன்று பாடுங்கள் என்று அதட்டுகிறான். அவர்கள் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, இரவு விடுதிப் பாடகர்களின் நளினத்தோடு கோல் போர்ட்டரின் காதல் பாட்டு ஒன்றை எடுத்துவிடுகிறார்கள். அந்தப் பாட்டு வந்தது 1934இல். கதைக்கு அறுபது வருடம் கழித்து. மேஸ்திரிக்குப் பொறுக்கவில்லை. அவன் கேட்கிற பாட்டு எதுவும் தங்களுக்குத் தெரியாது என்று இவர்கள் அப்பாவியாகத் தலையாட்ட, எப்படிப் பாடவேண்டும் என்று காட்டுவதற்காக அவனும் அவன் ஆட்களும் தாங்களே கையைக் காலை ஆட்டிக் குதிக்கத் தொடங்குகிறார்கள். தொழிலாளர்கள் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். பிடுங்க வந்தவனே ஆடிவிட்டுப் போகிறான்.

இது நாசூக்கான நகைச்சுவை. படம் முழுக்க இப்படியே இருந்திருந்தால் எந்த அதிகாரிக்கும் வயிற்றைக் கலக்கியிருக்காது. கறுப்பர்களை இழிவுபடுத்தும் அந்த ‘என்’ (N) வார்த்தை படத்தில் திரும்பத் திரும்ப வருகிறது. இன்று பார்த்தாலும் காது கூசும். சொல்கிற வெள்ளையர்கள் எல்லோரும் மடையர்களாக, கோழைகளாக வருகிறார்கள் என்பது வேறு விஷயம். அதோடு ஒரு பாட்டியை ரவுடிகள் பிடித்துவைத்து வயிற்றில் குத்துகிறார்கள். பாட்டி நடுவில் கேமராவைப் பார்த்து, இப்படி ஒரு கொடுமையைப் பார்த்திருக்கிறீர்களா என்று நம்மிடமே கேட்கிறாள். மாங்கோ என்ற முரடன் ஒரு குதிரையை முகத்தில் குத்திக் கீழே சாய்க்கிறான். பிறகு அந்தக் குசுக் காட்சி.

இந்தக் காட்சியைச் சொல்லாமல் இந்தப் படத்தைப் பற்றி எழுத முடியாது. இரவு. நெருப்பைச் சுற்றிக் குதிரைக்காரர்கள் உட்கார்ந்து தகரத் தட்டில் பீன்ஸ் தின்கிறார்கள். நூறு வெஸ்டர்ன் படங்களில் பார்த்த சட்டகம். ஒருவன் லேசாகப் பின்பக்கத்தைத் தூக்குகிறான். சத்தம். அடுத்தவன் எழுந்து உட்காருகிறான். இன்னும் பெரிய சத்தம். கச்சேரி மாதிரி ஒவ்வொருவராகச் சேர்ந்துகொள்கிறார்கள். தலைவனாக வரும் ஸ்லிம் பிக்கன்ஸ் வந்து தொப்பியால் காற்றை விசிறுகிறார். இன்னும் கொஞ்சம் பீன்ஸ் வேண்டுமா என்று கேட்கிறவனிடம், போதும்போதும் என்கிற மாதிரி ஒரு பதில். அவ்வளவுதான் காட்சி. புரூக்ஸ் இதற்குச் சொன்ன நியாயம் எளிமையானது: அத்தனை படங்களில் அத்தனை மாட்டுக்காரர்கள் பீன்ஸைத் தின்று கடுங்காப்பியைக் குடித்தார்களே, ஒருத்தருக்குக்கூட வயிறு ஒன்றும் சொல்லவில்லையா?

கதையை முதலில் எழுதியவர் ஆண்ட்ரூ பெர்க்மன். புரூக்ஸ் தனியாகத் திரைக்கதை எழுதாமல் ஒரு அறையில் ஐந்து பேரை உட்காரவைத்தார்: தானும் பெர்க்மனும், வக்கீலாக இருந்த ஒருவர், பல் மருத்துவர் ஒருவர், பிறகு மேடைக் கலைஞர் ரிச்சர்ட் பிரையர். கறுப்பினத்தவர் தொடர்பான நகைச்சுவைக்காக அழைக்கப்பட்ட பிரையர், வெள்ளைக்கார முரடன் மாங்கோவைத்தான் ஆசை ஆசையாக எழுதினார் என்று புரூக்ஸ் பலமுறை சொல்லியிருக்கிறார். பார்ட் வேடத்துக்கும் பிரையரைத்தான் புரூக்ஸ் கேட்டார். போதைப் பழக்கத்தைக் காரணம் காட்டி ஸ்டூடியோ மறுத்துவிட்டது.

முதல் அரங்கு

படம் முடிந்ததும் வார்னர் பிரதர்ஸின் மேல்மட்ட அதிகாரிகளுக்குப் போட்டுக் காட்டினார்கள். புரூக்ஸும் தயாரிப்பாளர் மைக்கேல் ஹெர்ட்ஸ்பெர்க்கும் பிற்காலத்தில் சொன்னதன்படி, சிரிப்பு என்று சொல்லத்தக்க ஒன்று எழவே இல்லை. விநியோகப் பிரிவிலிருந்து வந்த யோசனை இன்னும் மோசம். இவ்வளவு ஆபாசமான படத்தை வெளியிட வேண்டாம், நட்டத்தை ஏற்றுக்கொண்டு மூட்டை கட்டிவிடலாம் என்றார்கள். தயாரிப்புப் பொறுப்பில் இருந்த ஜான் கேலிதான், குறைந்தபட்சம் நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ், சிகாகோ என மூன்று ஊர்களில் விட்டுப் பார்ப்போம் என்று பிடித்து நிறுத்தினார்.

இதில் ஒரு விஷயம் பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. கேலியும் அந்தப் ‘பெரிய தலை’களில் ஒருவர்தான். படப்பிடிப்புக்கு முன்பே, பாட்டியை அடிக்கிற மாதிரி எடுக்கலாமா என்று புரூக்ஸ் கேட்டபோது, கோபுரத்து மணி வரை ஏறிப் போவதென்றால் அடித்துவிட்டே இறங்கு என்கிற மாதிரி பதில் சொன்னவர் அவர். ஆக, அரங்கில் நிலவிய மௌனத்துக்குள் ஒரே கருத்து இருந்தது என்று எடுத்துக்கொள்ள முடியாது. மௌனம் எல்லாக் கருத்தையும் ஒரே மாதிரி காட்டும். அதுதான் அதன் கெடுதல்.

ஏன் சிரிக்கவில்லை? ‘ரசனை இல்லாதவர்கள்’ என்று சொல்லிவிடுவது சுலபம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நகைச்சுவையை விற்றே பிழைப்பு நடத்தியவர்கள் அவர்கள்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவருக்குத் திரையில் தெரிவது படம் அல்ல. நாளைக்கு வரப்போகும் தொலைபேசி அழைப்புகள். இனவெறிச் சொல் வரும்போது கறுப்பின அமைப்புகளின் கண்டனம் நினைவுக்கு வரும், பாட்டி அடிபடும்போது தியேட்டர் உரிமையாளர்கள் நினைவுக்கு வருவார்கள். ஹெட்லி லமார் என்ற பெயர் வரும் ஒவ்வொரு தடவையும் வக்கீல் நினைவுக்கு வர வேண்டும். வந்ததா தெரியாது, வழக்கு வந்தது. பழைய நட்சத்திரம் ஹெடி லமார் தன் பெயரைக் கேலி செய்ததாக வழக்குப் போட்டு, நீதிமன்றத்துக்கு வெளியே சமரசமானார்.

அதைவிட முக்கியமானது, அக்கம்பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது. வாழைப்பழத்தோலில் வழுக்கி விழுகிறவனைப் பார்த்துச் சிரித்தால் யாருக்கும் ஒன்றும் குறையாது. இந்தப் படத்தில் சிரிப்பது அப்படியல்ல. ‘இதை நான் ஒப்புக்கொள்கிறேன்’ என்று எல்லோர் எதிரிலும் வாய்விட்டுச் சொல்வதற்குச் சமம். முன்வரிசையில் சேர்மன் டெட் ஆஷ்லி மாதிரி ஒருவர் அசையாமல் உட்கார்ந்திருக்கும்போது, குசுச் சத்தத்துக்கு முதலில் வாய்விட்டுச் சிரிக்க யாருக்குத் தைரியம் வரும்? மேலே இருப்பவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கீழே இருப்பவர் உதட்டைத் திறப்பார். மேலே இருப்பவரோ, இதற்கு நான் சிரித்தால் பிறகு வெட்டச் சொல்ல முடியாதே என்று இறுக்கமாக இருப்பார்.

சிரிப்பை ஆராய்ந்த அமெரிக்க நரம்பியல் அறிஞர் ராபர்ட் பிரோவைன், தனியாக இருக்கும்போது சிரிப்பதைவிட மற்றவர்களோடு இருக்கும்போது மனிதர்கள் சுமார் 30 மடங்கு அதிகம் சிரிக்கிறார்கள் என்று கணித்தார். அன்றாடப் பேச்சில் வரும் சிரிப்புகளில் மிகச் சிலவே ஜோக் என்று சொல்லத்தக்க ஒன்றைத் தொடர்ந்து வருகின்றன என்பதும் அவருடைய கண்டுபிடிப்பு. அதாவது சிரிப்பு என்பது நகைச்சுவையின் தரத்துக்குப் போடும் மார்க்கைவிட, பக்கத்தில் இருப்பவரோடு செய்துகொள்ளும் உறவு. அப்படியானால் அதிகாரிகள் நிறைந்த அரங்கு, உடல்கள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும், தனித்தனி மனிதர்களின் கூட்டம்தான்.

இன்னொன்று தொழில்நுட்பம் சார்ந்தது. நகைச்சுவைப் படத்தைத் தொகுக்கும்போது சிரிப்புக்கு இடம் விட்டுத்தான் வெட்டுவார்கள். ‘சம் லைக் இட் ஹாட்’ படத்தில் ஜாக் லெமன் தனக்கு நிச்சயதார்த்தம் ஆன செய்தியைச் சொல்லும் காட்சியில், ஒவ்வொரு வசனத்துக்கும் நடுவே அவர் கையில் இருக்கும் கிலுகிலுப்பையை ஆட்டி ஆடுவார். அடுத்த வசனம் அரங்கின் சிரிப்பில் மூழ்கிவிடக் கூடாது என்று இயக்குநர் பில்லி வைல்டர் செய்த ஏற்பாடு அது. சிரிப்பு வந்தால் அந்த இடைவெளி யாருக்கும் தெரியாது. வராவிட்டால் இடைவெளி மட்டும்தான் தெரியும். குசுக் காட்சியை மௌனத்தில் பாருங்கள்: சத்தம், நிறுத்தம், சத்தம், நிறுத்தம். முதல் சத்தத்துக்குச் சிரிக்காத அரங்கு, ஐந்தாவது சத்தத்தில் எரிச்சலடையும். முதல் பத்து நிமிடத்தில் சிரிப்பு கிளம்பாவிட்டால் பிறகு படமே மெதுவாகத் தெரியும். முதல் அரங்கின் தோல்வி அங்கேயே முடிவாகிவிட்டது என்பது என் ஊகம்.

புரூக்ஸுக்கு இந்த மௌனம் புதிதல்ல. அவருடைய முதல் படம் ‘தி புரொட்யூசர்ஸ்’ 1967இல் ஃபிலடெல்ஃபியாவில் காட்டப்பட்டபோது அரங்கு ஏறத்தாழக் காலி. வந்த சிலரும் ரசிக்கவில்லை. படத்தை அலமாரியில் வைத்துவிடும் பேச்சு அப்போதும் நடந்தது. நடிகர் பீட்டர் செல்லர்ஸ் தற்செயலாக அதைத் தனிக்காட்சியில் பார்த்து மயங்கி, திரைத்துறைப் பத்திரிகையில் தன் காசில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்துத் தூக்கிவிட்டார். அடுத்த வருடத்துக்கான ஆஸ்கரில் திரைக்கதைக்கான விருது புரூக்ஸுக்குக் கிடைத்தது.

விசித்திரம் என்னவென்றால், அந்தப் படத்தின் கதையே இதுதான். வேண்டுமென்றே தோற்க வேண்டும் என்று இரண்டு பேர் ஹிட்லரைப் போற்றும் ஓர் இசை நாடகத்தை மேடையேற்றுகிறார்கள். முதல் பாட்டு முடிந்ததும் கேமரா பார்வையாளர்கள் பக்கம் திரும்புகிறது: வாய் பிளந்து, கல்லாகச் சமைந்த முகங்கள். ஒருவர் கை தட்டப் போக, பக்கத்தில் இருப்பவர் அவரை அடிக்கிறார். சிலர் எழுந்து வெளியே நடக்கத் தொடங்குகிறார்கள். அந்த நேரத்தில் போதையில் மிதக்கும் ஒரு ஹிட்லர் மேடைக்கு வருகிறான். யாரோ ஒருவர் சிரிக்கிறார். அவ்வளவுதான், வெளியே போனவர்கள் திரும்பி ஓடிவந்து இடம் பிடிக்கிறார்கள். ‘இதற்குச் சிரிக்கலாம்’ என்ற அனுமதி அரங்கின் உள்ளேயிருந்தே வரவேண்டும் என்பதை புரூக்ஸ் முதல் படத்திலேயே படமாக்கிவிட்டார். ஏழு வருடம் கழித்து அதே அரங்கில் தானே மாட்டிக்கொண்டார்.

இரண்டாவது அரங்கு

ஹெர்ட்ஸ்பெர்க் செய்தது பெரிய தந்திரம் ஒன்றுமில்லை. அதிகாரிகளை விட்டுவிட்டு ஸ்டூடியோவின் சாதாரண ஊழியர்களுக்குப் படத்தைப் போட ஏற்பாடு செய்தார். புரூக்ஸ் ஏற்கெனவே நொந்துபோயிருந்தார்.

தலைப்புப் பாட்டிலேயே சிரிப்பு தொடங்கியது என்கிறார்கள். பாட்டைப் பாடியவர் ஃபிராங்கி லேன். பழைய வெஸ்டர்ன் படங்களுக்குப் பாடிப் பேர் வாங்கியவர். அவர் மாதிரிப் பாட ஆள் வேண்டும் என்று புரூக்ஸ் விளம்பரம் கொடுக்க, அவரே வந்து நின்றார். இது கேலிப் படம் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. உயிரைக் கொடுத்து, உருகிப் பாடினார். நடுநடுவே சாட்டைச் சொடுக்குச் சத்தம். அந்த உருக்கத்துக்கும் சாட்டைக்கும் நடுவே எங்கோ முதல் சிரிப்பு கிளம்பி, பிறகு நிற்கவே இல்லை.

எந்தெந்த இடத்தில் என்ன நடந்தது என்ற பதிவு இல்லை. ஆனால் படத்தைப் பார்த்த யாருக்கும் ஓரளவு தெரியும். புது ஷெரிஃப் ஊருக்குள் வந்ததும் துப்பாக்கிகள் அவன் பக்கம் நீளும். பார்ட் தன் துப்பாக்கியை எடுத்துத் தன் கழுத்திலேயே வைத்துக்கொள்கிறான். யாராவது அசைந்தால் இந்தக் கறுப்பனைச் சுட்டுவிடுவேன் என்று முரட்டுக் குரலில் மிரட்டுகிறான். அடுத்த நொடி மெல்லிய குரலில் ஐயோ காப்பாற்றுங்கள் என்று அலறுகிறான். ஊரே பதறிப்போய் வழிவிடுகிறது. தன்னைத்தானே பிணைக் கைதியாகப் பிடித்துக்கொண்டு தப்பிக்கிறான். அறைக்குள் போனதும் இந்த ஊர்க்காரர்கள் எவ்வளவு முட்டாள்கள் என்று தானே வியந்துகொள்கிறான். இந்தக் காட்சிக்குச் சிரிக்க யாருடைய அனுமதியும் தேவைப்படாது.

படத்தின் கடைசிப் பகுதி அந்த அரங்குக்கு இன்னும் நெருக்கமாக இருந்திருக்க வேண்டும். சண்டை முற்றி, சினிமா செட்டின் சுவரை உடைத்துக்கொண்டு பக்கத்து செட்டுக்குள் பாய்கிறது. அங்கே வால்கோட் போட்ட ஆண்கள் ஆடும் ஓர் இசைப்படம் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அங்கிருந்து ஸ்டூடியோ கேன்டீனுக்குள் புகுந்து, க்ரீம் கேக்குகளை முகத்தில் அப்பிக்கொள்கிறார்கள். ஸ்டூடியோ ஊழியர்கள் தாங்கள் வேலை பார்க்கும் உலகமே திரையில் துவம்சம் ஆவதைப் பார்த்தார்கள். ஸ்டூடியோ இருக்கும் பர்பேங்கில் ஒரு தட்டச்சுக்காரருக்கு அதைவிட இனிப்பான காட்சி இருக்குமா?

இங்கேதான் நான் வழக்கமான கதையிலிருந்து விலகுகிறேன். இரண்டாவது அரங்கு ‘உண்மையான மக்கள்’ அல்ல. அவர்கள் ஸ்டூடியோக்காரர்கள். சினிமாவின் உள்வேலை தெரிந்தவர்கள், ஒருவரையொருவர் தெரிந்தவர்கள். அவர்களுடைய சம்பளம் இந்த ஒரு படத்தின் தலையெழுத்தைப் பொறுத்து இல்லை. முதல் அரங்கு சிரிப்பை அடக்கும் விதமாக அமைந்திருந்தது என்றால், இரண்டாவது அரங்கு சிரிப்பைத் தூக்கிவிடும் விதமாக அமைந்திருந்தது. இரண்டிலும் படம் ஒன்றுதான் என்பதால் நமக்குத் தெரியவருவது ஒரே ஒரு விஷயம்: இந்தப் படத்துக்குச் சிரிக்க முடியும். நாட்டு மக்கள் சிரிப்பார்களா என்பதற்கு அது சாட்சியம் ஆகாது. ஆனால் ஜான் கேலியின் கையில் ஒரு துருப்புச் சீட்டு சேர்ந்துவிட்டது. மூன்று ஊர் யோசனை உயிரோடு இருந்தது.

மேனேஜர் அறை

சிரிப்பு ஜெயித்துவிட்டது என்றால் கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. வெளியார் பார்த்த ஒரு முன்னோட்டமும் அமோகமாகப் போனது. அதற்குப் பிறகு டெட் ஆஷ்லி, தியேட்டர் மேனேஜரின் அறைக்குள் புரூக்ஸை இழுத்துக்கொண்டு போனார் என்று புரூக்ஸ் சொல்கிறார். கையில் ஒரு மஞ்சள் நோட்டுத் தாளைக் கொடுத்து, எழுதிக்கொள்ளுங்கள் என்றார். அந்த ‘என்’ வார்த்தை வேண்டாம். குசு வேண்டாம். பாட்டியை அடிக்க வேண்டாம். குதிரையைக் குத்த வேண்டாம். மேடலின் கான் நடித்த பாடகி லில்லியும் ஷெரிஃபும் இருட்டில் பேசிக்கொள்ளும் காட்சி வேண்டாம்.

புரூக்ஸ் எல்லாவற்றையும் பவ்யமாக எழுதிக்கொண்டார். ஆஷ்லி வெளியே போனதும் தாளைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டார். பக்கத்தில் நின்ற ஜான் கேலி, ஃபைல் பண்ணிய விதம் நன்றாக இருக்கிறது என்றாராம். சொல்கிறவர் ஐம்பது வருடமாக மேடைகளில் கதை சொல்லிச் சிரிக்கவைத்தவர். குப்பைக்கூடை ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மெருகேறியிருக்கும். ஆனால் பட்டியலில் இருந்த அத்தனையும் படத்தில் இன்றும் இருக்கின்றன. அதற்கு மேல் சாட்சி தேவையில்லை.

அந்தப் பட்டியலைப் பாருங்கள். அரங்கே அதிர்ந்த முன்னோட்டத்துக்குப் பிறகு எழுதப்பட்ட பட்டியல் அது. அதில் இருப்பவை படத்தின் மந்தமான இடங்கள் அல்ல. இன்றுவரை ஜனங்கள் நினைவில் வைத்துப் பேசும் இடங்கள். ஆக ஆஷ்லி சிரிப்பைக் கேட்கவில்லை என்று சொல்ல முடியாது. கேட்டார். கேட்டதால்தான் பயந்தார் என்றுகூடச் சொல்லலாம். அவருடைய கவலை சிரிக்கிறார்களா என்பது இல்லை, சிரிக்காத ஒருவர் என்ன செய்வார் என்பது. அது அநியாயமான கவலையும் இல்லை. அவர் நாற்காலிக்கு உரிய கவலை.

புரூக்ஸ் தாளைக் கசக்க முடிந்தது இறுதி வெட்டு உரிமை, அதாவது படத்தின் கடைசி வடிவத்தை முடிவு செய்யும் உரிமை, அவர் கையில் இருந்ததால். ஒப்பந்தத்தில் அந்த ஒரு வரி இல்லாமல், சிரிப்பு மட்டும் இருந்திருந்தால்? மூன்று ஊரில் படம் வெளியாகியிருக்கும். நெருப்பைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் பீன்ஸை நாகரிகமாகத் தின்றிருப்பார்கள்.

படம் எடுக்க ஆன செலவு சுமார் 26 லட்சம் டாலர். மறுவெளியீடுகளையும் சேர்த்து வசூல் சுமார் 12 கோடி டாலர். மூன்று ஆஸ்கர் பரிந்துரைகள். 2006இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இடம். இந்த எண்களை வைத்து ஆஷ்லி முட்டாள் என்று முடிவு கட்டுவது பிற்பாடு வந்த புத்தி.

மௌனம் சரியாகச் சொன்ன வேளை

எல்லா மௌனத்தையும் அரங்கின் தலையில் கட்டிவிடவும் முடியாது. அதே காலத்தில் இங்கிலாந்தில் ‘மான்டி பைதான்’ குழுவினர் ஆர்தர் மன்னன் கதையைக் கேலி செய்து ‘ஹோலி கிரெயில்’ எடுத்தார்கள். முதலீட்டாளர்களுக்கு 1974இல் போட்டுக் காட்டியபோது படம் படுத்துவிட்டது. பிங்க் ஃப்ளாய்ட், லெட் ஸெப்பெலின் போன்ற ராக் குழுக்களின் பணமும் அதில் இருந்தது. அதாவது மேலதிகாரி முகத்தைப் பார்த்து உதட்டைத் திறக்கிற கூட்டம் இல்லை. துணிச்சலான நகைச்சுவைக்குப் பணம் போடத் தயாராக இருந்தவர்கள். அவர்களும் சிரிக்கவில்லை.

குழுவினர் அறையைக் குறை சொல்லவில்லை. மறுபடி மறுபடி வெட்டி, மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தார்கள். கோளாறின் பெரும்பகுதி ஒலியில் இருந்தது. சேற்றின் சொதசொதப்பு, கவசத்தின் கணகணப்பு என்று சத்தத்தைத் தத்ரூபமாகக் கொட்டியிருந்தார்கள்; அதன் அடியில் வசனம் நசுங்கிப்போயிருந்தது. அதைக் குறைத்தார்கள். புதிதாக எழுதிய இசையில் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, ஆயத்த இசையை விற்கும் இசை நூலகத்தில் கிடைக்கும் பழைய வீர தீர இசையைப் போட்டார்கள். இசை தன்னை உண்மையான காவியப் படம் என்று நம்பியபோது, தேங்காய் ஓட்டைத் தட்டிக் குதிரை ஓட்டுகிற மன்னன் சிரிப்பு மூட்டினான். ஃபிராங்கி லேன் கதைதான், வேறு வழியில்.

இரண்டு நிகழ்வையும் பக்கத்தில் வைத்தால் ஒரு சோதனை கிடைக்கிறது. படத்தை மாற்றாமல் ஆட்களை மட்டும் மாற்றியபோது சிரிப்பு வந்ததா? கோளாறு அரங்கில். ஆட்கள் மாறியும் மௌனம் தொடர்ந்து, படத்தை மாற்றிய பிறகு சிரிப்பு வந்ததா? கோளாறு படத்தில். ஒரே ஒரு காட்சியை வைத்து எந்தப் பக்கமும் முடிவெடுக்க முடியாது. ஹெர்ட்ஸ்பெர்க் உள்ளுணர்வால் செய்ததும் இந்தப் பரிசோதனைதான்.

1970களின் இறுதியிலிருந்து ஹாலிவுட்டில் இந்த வேலை தனித் தொழிலாகிவிட்டது. ஆட்களை வெளியே பிடித்து வருகிறார்கள். படம் முடிந்ததும் அட்டை கொடுத்து மதிப்பெண் போடச் சொல்கிறார்கள். இருபது பேரை நிறுத்திவைத்து விசாரிக்கிறார்கள். மிகப் பிடித்த காட்சி எது, பிடிக்காத காட்சி எது என்று அட்டையில் இரண்டு கேள்வி இருக்கும். சாதாரணப் படத்துக்கு இரண்டு பதிலும் வேறுவேறாக வரும். இந்த வகைப் படத்துக்கு இரண்டு கட்டத்திலும் ஒரே காட்சி வந்து விழுவது இயல்பு. சராசரி போட்டால் அது ஒன்றுமில்லாத காட்சியாகத் தெரியும். அட்டையில் இன்னொரு சங்கடமும் உண்டு. இருட்டில் கண்ணில் நீர் வரச் சிரித்தவர், விளக்கு போட்டதும் கையில் பேனா வந்ததும் ஆஷ்லியாக மாறிவிடுவார். குசுவுக்குச் சிரித்தேன் என்று யார்தான் கைப்பட எழுதிக் கொடுப்பார்கள்? அட்டையைவிட அரங்கின் ஒலிப்பதிவு நாணயமானது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆஷ்லியின் பட்டியலில் இருந்த எதையும் புரூக்ஸ் தொடவில்லை. ஆனால் ஒரே ஒரு வசனத்தை, யாரும் கேட்காமல், தானே எடுத்துவிட்டார். லில்லியும் ஷெரிஃபும் இருட்டில் பேசிக்கொள்ளும் அதே காட்சி. கறுப்பின ஆண்களைப் பற்றிச் சொல்லப்படுவது உண்மைதானா என்று லில்லி கேட்கிறாள். ஜிப் இறங்கும் சத்தம். நிஜம்தான், நிஜம்தான் என்று கூவுகிறாள். காட்சி அங்கேயே வெட்டி முடிகிறது. எழுதியதில் அதற்கு மேல் ஷெரிஃபின் பதில் ஒன்று இருந்தது: மன்னிக்கணும் அம்மா, நீங்கள் சப்பிக்கொண்டிருப்பது என் கையை. இது கொஞ்சம் அதிகம் என்று தனக்கே பட்டதாக புரூக்ஸ் பிறகு சொன்னார். தியேட்டருக்கு வந்த படத்தில் அந்த வசனம் இல்லை. படத்தைப் பற்றிய பேட்டிகளில் அவரே அதைச் சொல்வார். கேட்கிறவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.